ரூஃப் தொங்குது, டோர் பேட் உரியுது: கார் உள்வேலைய வீட்டிலயே பண்றவங்களுக்கு

நம்ம ஊர் வெயில்ல பத்து வருஷம் நின்ன காரா இருந்தா உள்ள ஏதாவது ஒண்ணு தொங்கும், இல்ல உரியும், இல்ல சுருங்கும். சொந்தக்காரங்க வண்டி, பக்கத்து வீட்டு வண்டின்னு இதே வேலைய திரும்பத் திரும்ப பாத்துட்டு இருக்கேன், பெரும்பாலும் துணியும் ஒரு டின் பசையும் முதல்லயே வாங்கி வச்சுட்டுத்தான் கூப்பிடுறாங்க. ஆனா துணி கெட்டுப்போய் தொங்குறது ரொம்ப கம்மி. அதுக்குப் பின்னாடி இருக்கிற ஃபோம் செத்திருக்கும், இல்ல எங்கயோ இருந்து தண்ணி வரும், இல்ல ஒரு கிளிப் ஒடஞ்சிருக்கும். அத கண்டுபிடிக்காம மேல புதுத்துணி ஒட்டினா அடுத்த சித்திரை வெயிலுக்கு அதுவும் கீழ வந்துடும். அதனால வண்டில என்ன தெரியுதோ அத வச்சே பிரிச்சு எழுதுறேன், செலவே இல்லாத காரணம் முதல்ல, காசு புடுங்குறது கடைசில.

## எதையும் கழட்டுறதுக்கு முன்னாடி

முன் கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற பில்லர்லயோ, சீட்டோட கதவுப்பக்க ஓரத்துலயோ எஸ்ஆர்எஸ் ஏர்பேக்னு எழுத்து இருக்கான்னு பாருங்க. பில்லர்ல இருந்தா ரூஃப் லைனிங் ஓரமா உள்ள கர்ட்டன் ஏர்பேக் மடிச்சு வச்சிருக்கு, சீட்ல இருந்தா குஷன் ஓரத்துக்குள்ள ஒண்ணு இருக்கு. அந்த இடத்த நாம தொடக்கூடாது, சர்வீஸ் சென்டர்ல தான் கழட்டணும். சீட்டோட அந்த ஓரத் தையல் ஏர்பேக் விரியும்போது பிரியுற மாதிரியே தச்சது, நாம கெட்டி நூல்ல தச்சு மூடிட்டா அது வெளிய வர வேண்டிய நேரத்துல வராது. ஏர்பேக் இல்லாத பக்கத்துல வேலைன்னாலும் பேட்டரி நெகட்டிவ்வ கழட்டி பத்து நிமிஷம் விட்டுட்டு ஆரம்பிங்க. சீட்டுக்கு அடில மஞ்சக் கலர் கனெக்டர் இருந்தா அது ஏர்பேக் லைன், அதுல டெஸ்ட் லேம்ப் வைக்காதீங்க.

பசை விஷயம் இன்னொண்ணு. ரப்பர் பசை எல்லாமே பத்திக்கிற சாமான், வாசனையும் தலைய சுத்தும். நாலு கதவும் தொறந்திருக்கணும், பக்கத்துல சிகரெட் கூடாது, ஊதுபத்தி கூட கூடாது. சின்னப் பசங்கள அந்தப் பக்கம் விடாதீங்க.

## ரூஃப் லைனிங் தொங்குது

### ஓரத்துல மட்டும் தொங்குது, நடுவுல நல்லா இருக்கு

இது ரொம்ப சுலபம். கதவ தொறந்தா சுத்தி ஒரு ரப்பர் பீடிங் வரும் பாருங்க, லைனிங்கோட ஓரம் அதுக்குள்ள தான் சொருகி இருக்கும். பீடிங்க கையால கீழ இழுத்தா வந்துடும். துணி ஓரம் வெளிய வந்திருந்தா கிரெடிட் கார்டு மாதிரி ஏதாவது பிளாஸ்டிக் அட்டைய வச்சு திரும்ப உள்ள தள்ளிட்டு பீடிங்க தட்டி மாட்டிடுங்க, பைசா செலவில்ல. துணி மட்டும் இல்லாம அது ஒட்டியிருக்கிற அட்டையே கீழ எறங்கி இருந்தா கைப்பிடி ஸ்க்ரூ, சன் வைசர் ஸ்க்ரூ, பின்னாடி இருக்கிற பிளாஸ்டிக் கிளிப் இதுல எது லூஸ்னு பாருங்க, அதுங்க தான் அட்டைய தூக்கி புடிச்சிட்டு இருக்கு.

### நடுவுல பலூன் மாதிரி எறங்கி தலைல இடிக்குது

விரலால துணிய மேல அழுத்தி லேசா தேய்ங்க. உள்ள பொடி நகர்ற மாதிரி நறநறன்னு இருந்தா, இல்ல ஓரத்துல தூக்கிப் பாக்கும்போது மஞ்சளாவோ பழுப்பாவோ தூள் கொட்டினா, ஃபோம் செத்துப்போச்சு. ரூஃப் துணிங்கிறது வெறும் துணி இல்ல, அதோட முதுகுல ரெண்டு மூணு மில்லி கனத்துல ஒரு ஃபோம் ஒட்டி வரும், பசை புடிச்சிருக்கிறது அந்த ஃபோம தான். வருஷக்கணக்கா சூடும் ஈரமும் பட்டு அந்த ஃபோம் பொடியாகிடுது, பசை பாட்டுக்கு அட்டையில அப்படியே தான் இருக்கும், துணியும் அப்படியே தான் இருக்கும், நடுவுல புடிமானம் தான் இல்ல. இதனால தான் ஊசி வழியா பசை ஏத்துறது, குண்டூசி குத்துறது, மேலாப்புல ஸ்ப்ரே அடிச்சு அமுக்குறது எதுவுமே நிக்கிறதில்ல. குண்டூசி ஒரு வாரம் பத்து நாளைக்கு ஓட்டிக்கலாம், அவ்வளவு தான், அதுவும் பிரேக் போடும்போது பின்சீட்ல இருக்கிறவங்க மேல விழும்.

தூள் வந்தா முழு வேலை தான், அட்டைய வெளிய எடுத்தே ஆகணும். சன் வைசர், கைப்பிடி, கேபின் லைட், மூணு பில்லர் கவர், பீடிங் எல்லாம் கழட்டி, முன்சீட்ட முழுசா பின்னாடி சாச்சு, ரெண்டு பேரா புடிச்சு வெளிய கொண்டு வாங்க. ஹேட்ச்பேக்னா டிக்கி வழியா வந்துடும், செடான்ல முன்பக்க கதவு வழியா தான் எடுக்கணும், அப்ப அவசரப்பட்டு வளைச்சா அட்டையில ஒரு மடிப்பு விழும், அந்த மடிப்பு எத்தனை துணி மாத்தினாலும் கோடா தெரியும். தனியா இந்த வேலைய பண்ண முயற்சி பண்ணாதீங்க.

அட்டைய கீழ போட்டு பழைய துணிய உரிச்சுட்டு தேய்க்கிறது தான் உண்மையான வேலை. தேங்கா நார் பிரஷ், இல்ல துணி தொவைக்கிற நைலான் பிரஷ் போதும், கம்பி பிரஷ் வச்சா அட்டை பிஞ்சிடும். மூக்கு வாய கட்டிக்கோங்க, அந்த தூள் வேர்வைல ஒட்டினா கழுத்தெல்லாம் அரிக்கும். உள்ளங்கைய அட்டை மேல அழுத்தி இழுத்துப் பாருங்க, கையில ஒரு துளி தூள் கூட ஒட்டக்கூடாது, அது வரைக்கும் தேய்க்கணும். பாதி பேரு இந்த இடத்துல களைச்சுப்போய் 'போதும், பசை புடிச்சுக்கும்'னு விட்டுடுறாங்க, புடிக்காது.

துணி வாங்கும்போது ஃபோம் ஒட்டின ரூஃப் துணின்னு கேட்டு வாங்குங்க, சட்டைத் துணி மாதிரி ஃபோம் இல்லாதது வாங்கினா அட்டையோட ஒவ்வொரு மேடு பள்ளமும் வெளிய தெரியும். சென்னைல ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் போனா கார் சாமான் கடை வரிசையா இருக்கு, மத்த ஊர்ல குஷன் கடைல சொன்னா வர வச்சுக் குடுப்பாங்க. நீள அகலத்த அட்டைய வச்சு அளந்து, நாலு பக்கமும் ஒரு சாண் கூடுதலா வச்சுக்கோங்க, குழிவான இடம் நிறைய துணிய முழுங்கும்.

பசை ஹீட் தாங்குறதா இருக்கணும். ரப்பர் பசைல ஃபெவிகால்லயே ஹீட்எக்ஸ்னு சூடு தாங்குறது தனியா வருது, அந்த மாதிரி வாங்குங்க. ஆசாரி மரத்துக்கு போடுற வெள்ளைப் பசை இங்க ஆகவே ஆகாது, அது தண்ணில கரைச்சது, ஃபோம ஊற வச்சு துணி வரைக்கும் கறை ஏத்திடும். அட்டைக்கும் துணி முதுகுக்கும் ரெண்டுக்கும் மெல்லிசா அடிச்சுட்டு காத்திருங்க. விரலோட பின்பக்கத்தால தொட்டா ஒட்டுற மாதிரி இருக்கணும் ஆனா நூல் இழுக்கக்கூடாது, அது தான் பதம். துணிய பாதியா மடிச்சு வச்சு, நடுவுல இருந்து ஆரம்பிச்சு ஓரத்துக்கு உள்ளங்கையால தடவிக்கிட்டே போங்க, குழி வர்ற இடத்துல துணிய இழுக்காம உள்ள தள்ளித் தள்ளி உக்கார வைங்க. குழி மேல துணிய பாலம் மாதிரி இழுத்து ஒட்டிட்டீங்கன்னா முதல்ல அழகா இருக்கும், அப்புறம் அந்த இடம் தான் முதல்ல விடும்.

### புதுசா ஒட்டினது கொஞ்ச நாள்லயே விழுது

விழுந்த துணியோட முதுக பாருங்க. அதுல பழைய தூள் ஒட்டி வந்திருந்தா தேய்ச்சது பத்தல. பசை ரெண்டு பக்கமும் பளபளன்னு காஞ்சு, ஒண்ணோட ஒண்ணு சேராமலே இருந்தா ஒட்டுறதுக்கு முன்னாடியே ரொம்ப காய விட்டுட்டாங்க. பசை நூல் நூலா இழுத்துக்கிட்டு வந்தா ஒண்ணு ஈரமா இருக்கும்போதே ஒட்டிருக்காங்க, இல்ல சூடு தாங்காத பசை. மழை நாள்ல, ஐப்பசி கார்த்திகைல பண்ணினதுன்னா பசை காயும்போது மேல ஈரம் படிஞ்சு வெள்ளையா பூத்திருக்கும், அதுவும் புடிக்காது, ஈரக்காத்து இல்லாத நாளா பாத்து பண்ணணும். இன்னொண்ணு, ஒட்டின அன்னைக்கே வண்டிய வெயில்ல நிறுத்திடுறாங்க, ஒரு நாள் முழுசா நிழல்ல இருக்கட்டும். எதுவா இருந்தாலும் அட்டைய திரும்ப எடுத்து சுத்தம் பண்ணித்தான் ஒட்டணும், குறுக்கு வழி இல்ல.

### கறை இருக்கு, இல்ல தொட்டா ஈரமா இருக்கு

துணிய தொடாதீங்க, தண்ணி எங்கிருந்து வருதுன்னு பாருங்க. ஒருத்தர் உள்ள டார்ச்சோட உக்காரட்டும், வெளிய ஒருத்தர் ஒரு குடம் தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா ஒரு நேரத்துல ஒரு இடத்துல மட்டும் ஊத்தட்டும். முதல்ல ரூஃப் மேல இருக்கிற ஆன்டெனா அடில, அங்க ரப்பர் வெடிச்சிருக்கிறது ரொம்ப சாதாரணம், சின்ன செலவு. அப்புறம் ரூஃப் ரெயில் போல்ட், கேரியர் மாட்டின இடம். சன்ரூஃப் இருந்தா மூலைல வடிகால் ஓட்டை இருக்கும், புளியமரத்தடி வேப்பமரத்தடில நிக்கிற வண்டின்னா இலை அடைச்சிருக்கும், மேலாப்புல இருக்கிற குப்பைய எடுத்துட்டு தண்ணி எறங்குதான்னு பாருங்க, எறங்கலன்னா ஏர் கம்ப்ரஸர்ல வேகமா ஊதாதீங்க, உள்ள ட்யூப் கழண்டுட்டா அட்டைய எறக்காம மாட்ட முடியாது, சர்வீஸ் சென்டர்ல விடுங்க. முன் கண்ணாடி ஓரமா வருதுன்னா கண்ணாடி கடைக்காரர் தான், சிலிக்கான் அப்பி ஓட்டாதீங்க, பின்னாடி துரு கிளம்பும்.

அம்பாசிடர், பத்மினி மாதிரி பழைய வண்டில ரூஃப் அமைப்பே வேற, அட்டை கிடையாது, குறுக்க கம்பி போட்டு அதுல தச்ச துணி இழுத்துக் கட்டியிருக்கும். அது தொங்கினா பெரும்பாலும் கம்பி சொருகுற தையல் கிழிஞ்சிருக்கும், இல்ல ஓரம் விட்டிருக்கும். அத இழுத்துக் கட்ட பழகின கை வேணும், பழைய குஷன்காரர் ஒருத்தர கண்டுபிடிச்சு குடுத்துடுங்க.

## டோர் பேட் ரெக்சின் உரியுது

### கீழ் ஓரத்துல உப்பியிருக்கு, அட்டை மெத்துமெத்துன்னு இருக்கு

கதவோட உள்பக்கத்த மூடியிருக்கிற ரெக்சின் போத்தின அட்டை தான் டோர் பேட், அது உப்பினா தண்ணி தான், வேற எதுவும் இல்ல. கதவுக்குள்ள மழைத்தண்ணி எறங்குறது சகஜம், அது கீழ இருக்கிற ஓட்டை வழியா வெளிய போயிடணும். கதவ தொறந்து அடி விளிம்ப தடவுங்க, ரெண்டு மூணு ஓட்டை இருக்கும், மண்ணு அடைச்சிருந்தா குச்சியால குத்தி விடுங்க. அதுக்கே தண்ணி கொட்டினா காரணம் கெடச்சிடுச்சு. இல்லன்னா பேட கழட்டுங்க. கைப்பிடி குழிக்குள்ள ஒரு ஸ்க்ரூ, லாக் லீவருக்குப் பின்னாடி ஒரு ஸ்க்ரூ ஒளிஞ்சிருக்கும், அத எடுக்காம இழுத்தா பேட் ஒடயும். அப்புறம் கீழ் மூலைல இருந்து பிளாஸ்டிக் பட்டைய விட்டு நெம்பினா கிளிப் ஒவ்வொண்ணா டப்பு டப்புன்னு வரும்.

பேடுக்குப் பின்னாடி கதவு தகரத்துல ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கணும். ஸ்பீக்கர் மாட்டினவங்க, பவர் விண்டோ பாத்தவங்க பாதி பேரு அத கிழிச்சு கடாசிடுறாங்க, தண்ணி நேரா பேட் அட்டைல தெளிக்குது. கெட்டியான பாலிதீன் ஷீட்ட அளவா வெட்டி, கீழ் ஓரம் கதவுக்கு உள்பக்கமா போற மாதிரி ப்யூட்டைல் டேப் (ரப்பர் மாதிரி பிசுபிசுன்னு ஒட்டுற டேப்) போட்டு ஒட்டுங்க. இத பண்ணாம ரெக்சின் மாத்துறது வீண்.

அட்டை லேசா உப்பியிருந்தா காய வச்சு, மேல பலகை வச்சு கனத்த ஏத்தி ரெண்டு நாள் விட்டா சமமாகிடும். விரலால அமுக்கினா உதிருதுன்னா அந்த அட்டை தேறாது. புதுப்பேட்டைல, இல்ல உங்க ஊர் பழைய இரும்புக் கடைல அதே மாடல் பேட் கெடச்சா அத வாங்கி மேல மட்டும் ரெக்சின் மாத்துறது தான் லாபம்.

### அட்டை காஞ்சு தான் இருக்கு, ரெக்சின் மட்டும் மேல் ஓரத்துல விடுது

வெயில்ல பசை செத்துருக்கு. ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், டேஷ்போர்டுக்கு பளபளன்னு போடுற பாலிஷ் டோர் பேட்லயும் தடவியிருப்பாங்க, அதுல இருக்கிற சிலிக்கான் மேல எந்தப் பசையும் நிக்காது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு ரெண்டு மூணு தடவை துடைச்சுட்டு அப்புறம் பசை. தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக்க உருக்கிடும்.

புது ரெக்சின்னா பின்னாடி துணி இருக்கிறதா பாத்து வாங்குங்க. துணி இல்லாத வெறும் ரெக்சின்ல இருந்து எண்ணெய் மாதிரி ஒண்ணு வெயில்ல கசிஞ்சு பசைய இளக வச்சிடும்.

### ஒட்டினப்புறம் மூலைல சுருக்கம்

ஹேர் டிரையர் போதும், ஹீட் கன்னா ஒரு சாண் தள்ளி, ஒரே இடத்துல நிறுத்தாம ஆட்டிக்கிட்டே காட்டுங்க. ரெக்சின் இளகினதும் இழுத்துப் புடிச்சு ஆற விடணும், சூட்டோட கைய எடுத்துட்டா பழையபடி சுருங்கிடும். ரெக்சின் மேல இருக்கிற தோல் மாதிரி வரி மறைஞ்சு பளபளப்பு வந்தா சூடு அதிகம், அந்த இடம் இனி திரும்பாது. உள்பக்கம் மடிக்கிற இடத்துல வளைவுக்கு வளைவு கத்தரிக்கோலால வெட்டு குடுங்க, வெட்டு விளிம்பு வரைக்கும் வரக்கூடாது, கொஞ்சம் முன்னாடியே நிக்கணும்.

## சீட்

### உக்காந்தா குழி விழுது, ஒரு பக்கம் சாயுது

சீட் கவர வாங்கப் போகாதீங்க, கீழ படுத்து டார்ச் அடிங்க. நெளிநெளியா ஸ்பிரிங் கம்பி ஓடும், அதுல ஒண்ணு கொக்கில இருந்து கழண்டு தொங்கினா திரும்ப மாட்டினாலே சரியாகிடும். ஸ்பிரிங் ஒடஞ்சிருந்தா குஷன் கடைல மாத்திக் குடுப்பாங்க. ஃப்ரேமோட வெல்டிங் விட்டிருந்தா, துரு ஏறி விரிசல் விழுந்திருந்தா அங்கயே வேலைய நிறுத்திடுங்க. அது உக்கார்ற இடம் மட்டும் இல்ல, அடிபட்டா உயிர புடிக்கிற இடம், தெருமுனை வெல்டிங்ல விடாம சீட்டையே மாத்தணும்.

ஸ்பிரிங் நல்லா இருந்தா ஃபோம். பழைய வண்டில ரப்பர் போட்ட தேங்கா நாரா இருக்கும், அது தூளாகி கீழ மேட்ல கொட்டியிருக்கும். டிரைவர் சீட்ல ஏறி எறங்குற ஓரம் தான் முதல்ல சாகும். மொத்த ஃபோமும் மாத்த வேண்டியதில்ல, குழி விழுந்த இடத்த சமமா வெட்டி 40 டென்சிட்டின்னு கேட்டா குடுக்கிற கெட்டி ஃபோம் துண்டு வச்சு ரப்பர் பசைல ஒட்டி, மேல மெல்லிசா ஒரு லேயர் சாஃப்ட் ஃபோம் போத்தினா கவர் மேல மேடு தெரியாது. பக்கத்து சீட்ல ஃபோமுக்கும் கவருக்கும் நடுவுல மெல்லிசா ஒயர் போற ஒரு மேட் இருக்கலாம், அது ஆள் உக்காந்திருக்காங்களான்னு பாக்கிற சென்சார், அது மேல பசை படக்கூடாது, மடிக்கவும் கூடாது.

### புதுக்கவர் சுருக்கமா இருக்கு, நகருது

கவரோட உள்பக்கம் ஒரு குழாய் மாதிரி தச்சு அதுக்குள்ள கம்பி விட்டிருப்பாங்க, அந்தக் கம்பிய ஃபோமோட பள்ளத்துல இருக்கிற கம்பியோட ரிங் போட்டு இழுக்கணும். ரெடிமேட் கவர்ல இது இருக்காது, அதனால தான் நடுவுல எழும்பி நிக்கும். தச்ச கவர்னா மாட்டுறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் வெயில்ல போடுங்க, இளகி வரும். நடுப்பள்ளத்துல ரிங் போட்டு முடிச்சுட்டு தான் ஓரத்துக்கு வரணும், ஓரத்த முதல்ல இழுத்துட்டா நடுவுல துணி பத்தாது. பழைய ரிங்க கட்டிங் பிளேயர்ல வெட்டி எடுத்துடுங்க, திரும்ப வளைச்சுப் போட்டா புடிக்காது.

### தையல் விட்டுக்கிட்டே இருக்கு

நூல் மட்டும் அறுந்து ஓட்டை முழுசா இருந்தா அதிர்ஷ்டம், வளைஞ்ச ஊசில பாலியஸ்டர் நூல் கோத்து அதே ஓட்டை வழியா கையாலயே தச்சுடலாம். பருத்தி நூல் வேண்டாம், வேர்வைல மக்கிடும். ஓட்டையே நீளமா கிழிஞ்சிருந்தா தையல ரொம்ப நெருக்கி போட்டிருப்பாங்க, ரெக்சின்ல ஒரு தையலுக்கும் அடுத்ததுக்கும் நாலு அஞ்சு மில்லி இடைவெளி இருக்கணும், இல்லன்னா போஸ்ட் ஸ்டாம்ப் ஓரம் மாதிரி அதுவே கிழிய வழி போட்டுக் குடுத்துடும். அந்தப் பட்டைய மட்டும் புதுசா வெட்டி மாத்தணும். வீட்டு மெஷின் ரெண்டு மடிப்பு ரெக்சின தைக்கும், ஓரத்துல உருண்டையா வர்ற பைப்பிங் சேந்து நாலு மடிப்பாகுற இடத்துல ஊசி ஒடயும். வெட்டுறது, அளக்கிறது நீங்க பண்ணுங்க, தைக்கிறத குஷன் கடைல குடுங்க, கூலி பெருசா ஆகாது.

### மேல் தோல் செதில் செதிலா உதிருது

இது பியூ லெதர், அதாவது துணி மேல பிளாஸ்டிக் பூச்சு போட்ட செயற்கை லெதர். ஈரமும் சூடும் பட்டு மேல் பூச்சு பிரியுது. பசை, கலர், க்ரீம் எதுவும் உதவாது, அந்தப் பட்டை மாத்துறது மட்டும் தான் வழி.

## கால் மேட் ஈரம், உள்ள பூஞ்சை வாசனை

கோ டிரைவர் பக்கம் மட்டும் ஈரம்னா, ஏசி போட்டு ஓட்டின நாள்ல அதிகமாகுதுன்னா, ஏசி தண்ணி வெளிய போற குழாய் அடைச்சிருக்கு. வண்டிக்கு அடில சொட்டு விழுதான்னு பாருங்க, விழலன்னா அது தான், மெக்கானிக் சீக்கிரம் எடுத்து விட்டுடுவார். ஈரம் பிசுபிசுன்னு, லேசா இனிப்பு வாசனையோட இருந்தா அது கூலன்ட், அதாவது இன்ஜின ஆத்துற தண்ணி, டேஷ்போர்டுக்குள்ள சூடு காத்துக்காக இருக்கிற ஹீட்டர் கோர் ஒழுகுது. டெம்பரேச்சர் முள்ள பாத்துக்கிட்டே நேரா மெக்கானிக்கிட்ட போங்க. கார்பெட்ட கடைசில காய வைங்க, அடில இருக்கிற ஃபெல்ட்ட தூக்கிக் காய வைக்காம மேல மட்டும் காஞ்சா வாசனை போகாது.

## ஸ்டீயரிங்

மேல தைக்கிற கவர் நழுவினா நூல இறுக்கி தச்சாலே போதும். அதுக்கு மேல, ஸ்டீயரிங்க கழட்டித்தான் தைக்கணும்னு யாராவது சொன்னா வீட்ல வேண்டாம். 2019 ஜூலைல இருந்து இந்தியால விக்கிற கார்ல டிரைவர் ஏர்பேக் கட்டாயம், அதுக்கு முன்னாடி வந்த பல வண்டிலயும் இருக்கு, நடுவுல இருக்கிற அந்த மூடிய நாம திறக்கக்கூடாது.

## எல்லாம் மாட்டியாச்சு, இப்ப புதுசா ஒரு பிரச்சினை

கடகடன்னு சத்தம் வந்தா கிளிப் எங்கயோ உக்காரல. வண்டி ஓடும்போது இன்னொருத்தர் பேட ஒவ்வொரு இடமா அமுக்கிப் பாக்கட்டும், சத்தம் நிக்கிற இடம் தான் அது. கழட்டும்போது பல்லு போன கிளிப்ப திரும்ப மாட்டாதீங்க, ஒரு பாக்கெட் புதுசு வாங்கி வச்சுக்கோங்க. பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசி கீச்சுன்னா நடுவுல ஃபெல்ட் டேப்.

பவர் விண்டோ, கேபின் லைட் வேலை செய்யலன்னா கனெக்டர் மாட்ட விட்டுருப்பீங்க, க்ளிக்னு சத்தம் கேக்குற வரைக்கும் தள்ளுங்க.

ஏர்பேக் லைட் எரிஞ்சு அணையாம நின்னா மட்டும் நீங்க எதையும் தேடாதீங்க. பேட்டரிய கழட்டி மாட்டுறது, ஸ்கேனர வச்சு லைட்ட அழிக்கிறது ரெண்டும் வேண்டாம், எங்க லூஸ்னு தெரியாமலே லைட்டு போயிடலாம், ஏர்பேக் வேலை செய்யுமான்னு யாருக்கும் தெரியாது. எந்தெந்த பாகத்த கழட்டுனீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டு சர்வீஸ் சென்டருக்கு போங்க, அத பாத்தா அவங்க எங்க தேடணும்னு சீக்கிரம் புரிஞ்சுப்பாங்க.